கஞ்சி இளகிய நாள்

இன்று காலை எங்கள் முளைமாவு மில்லுக்குப் பின்னால் தார்ப்பாய் விரித்து, முளைகட்டிய கேழ்வரகைப் பரப்பிவிட்டுத் திரும்பியபோது அந்த வாசனை வந்தது. பச்சைப் புல்லும் மெல்லிய இனிப்பும் கலந்து, வெயில் ஏற ஏற வைக்கோல் போல மாறிக்கொண்டே போகிற வாசனை. கையைத் துடைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். நீ இருந்திருந்தால் குனிந்து ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்திருப்பாய். நீ போய் இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. உன்னிடம் சொல்ல வேண்டிய ஒரு சேதி இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் பழையவற்றை எல்லாம் உன்னோடு சேர்ந்து ஒருமுறை நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

திருப்பத்தூரில் கல்லூரி விடுதியில் நமக்கு ஒரே அறை. நான் புதூர்நாட்டை ஒட்டிய மலையூர்க்காரி, நீ அடிவாரத்து ஊர். இருவரும் உயிர்வேதியியல். அந்தப் பாடத்தில்தான் இடம் காலியாக இருந்தது என்று நான் சேர்ந்தேன். நீ வேறு எதையும் எழுதிக் கேட்காமல் அதை மட்டும் எழுதிக் கேட்டுச் சேர்ந்தவள். வகுப்பில் நொதிகளைப் பற்றிய பாடம் தொடங்கிய வாரம் உனக்குச் சாப்பாடுகூட இரண்டாம்பட்சமாகிவிட்டது. "நொதி பூட்டு, அது பிடிக்கும் பொருள் சாவி" என்று புத்தகத்தில் இருந்ததை நான் உருப்போட்டுக்கொண்டிருந்தேன். நீ என் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கிக் கட்டிலில் போட்டாய்.

"சாவி போட்டா பூட்டு தொறக்கும். சாவி அப்படியேதான இருக்கும்? இங்க உள்ள போறது ரெண்டா ஒடைஞ்சு வெளிய வருதுடி. யாரு ஒடைச்சான்னு கேக்க மாட்டியா?"

எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றியதே இல்லை என்றேன். நீ என்னை மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாய். துணி காயப்போடும் கொடிக் கயிற்றை ஒரு பக்கம் அவிழ்த்தாய். அதில் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று மூன்று கிளிப்புகள் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் மாட்டியிருந்தன. கயிற்றைக் கையில் சுருட்டி, மடித்து, திருப்பி, ஒரு உருண்டையாக்கினாய். மூன்று கிளிப்புகளும் ஒரே குழியில், வாயோடு வாய் வைத்தது போல வந்து நின்றன.

"நூத்துக்கணக்குல அமினோ அமிலம் வரிசையா கோத்தது இந்தக் கயிறு. நீட்டா இருக்கும்போது இந்த மூணுக்கும் சம்பந்தமே இல்ல. மடிஞ்சதும் மூணும் ஒரே பள்ளத்துல எதிரும் புதிருமா உக்காருது. அந்தப் பள்ளம்தான் ஆக்டிவ் சைட். வெட்டறது இந்த மூணும்தான். மத்த கயிறு மொத்தமும் எதுக்குன்னா, இதுங்களை எடம் மாறாம புடிச்சுக்கறதுக்கு."

தமிழ்ப் புத்தகத்தில் அதைக் கிளர்வு மையம் என்று எழுதியிருந்தார்கள். அன்று மாடியில் அது எனக்கு வெறும் சொல்லாக இல்லாமல் ஒரு இடமாகத் தெரிந்தது. ஈரத்துணியோடு மேலே வந்த பெண்கள் கயிறு எங்கே என்று கத்தியதும் நாம் இருவரும் சிரித்துக்கொண்டே அதைத் திரும்பக் கட்டியதும் நினைவிருக்கிறது. தேர்வில் அந்தக் கேள்வி வரவில்லை. உனக்கு அதில் வருத்தம்.

படிப்பு முடிந்ததும் நான் ஊருக்குத் திரும்பினேன். கல்யாணம், சாமை, கேழ்வரகு, புளி, ஒரு பெண் குழந்தை என்று வாழ்க்கை மலையோடு அமைந்துவிட்டது. நீ வேலூரில் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்தாய். மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் என்ற நொதிதான் உன் வேலை. போனில் பேசும்போதெல்லாம் அதைப் பற்றி ஓர் உறவுக்காரரைப் பற்றிப் பேசுவது போலவே பேசுவாய். எங்கள் ஊரில் புளியமரத்துப் பாறையில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். பாறையில் உட்கார்ந்துகொண்டு உன் அமைலேஸ் கதையைக் கேட்பேன், பாதி புரியும்.

என் பெண் கனகாவுக்குப் பத்து மாதம் இருக்கும்போது வயிற்றுப்போக்கு வந்தது. நின்றுவிட்டது, ஆனால் குழந்தை பழைய உடம்புக்குத் திரும்பவில்லை. தொடைச் சதை தொங்கியது. அங்கன்வாடித் தராசில் முள் மாதாமாதம் பின்னால் போனது. ஜீப்பில் திருப்பத்தூருக்கு எடுத்துக்கொண்டு போய்க் குழந்தை மருத்துவரிடம் காட்டினோம். அந்த அம்மா எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டுச் சொன்னார்: "நோய் எதுவும் இல்லம்மா. வயிறு சின்னது. போற ஒவ்வொரு வாயிலயும் சத்து நெறைய போகணும். தாய்ப்பாலோட கஞ்சியை கெட்டியா குடுங்க."

கெட்டியாகக் கொடுத்தால் கனகா நாக்கால் வெளியே தள்ளினாள். அடம் பிடித்து ஊட்டினால் குமட்டினாள். தண்ணீராகக் கரைத்துக் கொடுத்தால் மடமடவென்று குடித்தாள். ஆனால் அதில் இருந்ததெல்லாம் தண்ணீர்தான். வயிறு நிரம்பிவிடும், உடம்பில் ஒட்டாது. என் நாத்தனார், கணவரின் அக்கா, எங்களோடுதான் இருந்தார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நடந்துகொண்டே இருப்பார். எங்கள் மூவருக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பயமாக இருந்த நாட்கள் அவை.

பாறைக்கு ஏறி உனக்குப் போன் செய்தேன். நான் அழுதுகொண்டே சொன்னதை முழுவதும் கேட்டாய். பிறகு கேட்டாய்:

"வூட்ல கேவுரு கீதா?"

"மலையில கேவுரு இல்லாம இன்னா?"

"ரெண்டு பிடி ஊறவெச்சு மொள கட்டு. நல்லா மொள வந்ததும் வெயில்ல காயவெச்சு அரை. ஞாயித்துக்கிழம நான் வர்றேன்."

வந்தாய். ஜீப்பின் பின்பக்கம் பலாப்பழங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, தலையெல்லாம் செம்மண்ணாக வந்து இறங்கினாய். குழந்தையைப் பார்த்ததும் உன் முகம் ஒரு கணம் மாறியதை நான் கவனித்தேன். உடனே சரிசெய்துகொண்டு, அடுப்பு எங்கே என்று கேட்டாய்.

கேழ்வரகு மாவைக் கெட்டியாக, கரண்டி நட்டால் நிற்கிற பதத்தில் காய்ச்சினோம். அது கொதித்துக்கொண்டிருக்கும்போதே முளைகட்டிய மாவில் ஒரு சிட்டிகை போட்டுக் கிளறினாய். நாங்கள் எல்லாரும் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. கரண்டி நின்றது நின்றபடியே இருந்தது.

என் கணவர் கதவோரம் நின்றிருந்தார். "டாக்டர் சொல்லி ஆவாதது, ஒரு சிட்டிகை மாவுல ஆவப்போவுதா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார்.

நீ கொதிக்கிற கஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு நெற்றியைத் தட்டிக்கொண்டாய். "ஆய்வகத்துல வெந்நீர்த் தொட்டி தானா சூடு பாத்துக்கும். அந்தப் பழக்கத்துல அடுப்பை மறந்துட்டேன். இந்தக் கொதியில மொளமாவுல கீற அமைலேஸ் பிரிஞ்சுபோச்சு. மடிச்சு வெச்ச கயிறு அவுந்தா, பள்ளம் எங்க இருக்கும்? மாவு அதேதான், வெட்ற எடம்தான் இல்ல. இன்னொரு தபா காய்ச்சலாம்."

இரண்டாவது முறை பாத்திரத்தை இறக்கி வைத்துக் காத்திருந்தோம். நீ விரலை விட்டு விட்டுப் பார்த்தாய். சூடு உறைக்க வேண்டும், ஆனால் விரல் தாங்க வேண்டும் என்றாய். அந்தப் பதம் வந்ததும் ஒரு சிட்டிகை. கிளறத் தொடங்கினாய். கொஞ்ச நேரம் கரண்டி கனமாகத்தான் சுற்றியது. பிறகு சுலபமாகச் சுற்றியது. தூக்கிக் காட்டினாய். சற்று முன்பு உருண்டையாக விழுந்த கஞ்சி, கரண்டியின் விளிம்பிலிருந்து எண்ணெய் போல வழிந்தது.

நாத்தனார் கிட்டே வந்து பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, தண்ணி ஊத்தினியா?"

"நீங்க இங்கயேதான நின்னுக்கினு இருந்தீங்க அண்ணி. ஒரு சொட்டு ஊத்தலீங்க. போட்ட மாவு எல்லாம் உள்ளயேதான் கீது."

"அப்புறம் எப்படி இளகுச்சு?"

நீ அந்தக் கேள்விக்காகவே மலை ஏறி வந்தவள் போல உட்கார்ந்துகொண்டாய். மாவுச்சத்து என்பது சர்க்கரைத் துண்டுகள் வரிசையாகக் கைகோத்த நீளமான சங்கிலி என்றும், அந்தச் சங்கிலிகள் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால்தான் கஞ்சி கெட்டியாகிறது என்றும் சொன்னாய். முளைவிடும் விதை தன் குருத்துக்குச் சாப்பாடு கொடுப்பதற்காக அமைலேஸை உண்டாக்குகிறது. அதன் ஒரு பக்கத்தில் நீளமாக ஒரு பள்ளம். சங்கிலி அதில் படுத்துக்கொள்ளும். வெட்டுகிற இடத்துக்கு வரும் சர்க்கரை வளையம் தன் இயல்பான வடிவத்தில் அங்கே உட்கார முடியாது. பள்ளம் அதைச் சற்றுத் தட்டையாக வளைத்துவிடும். அங்கே எதிரும் புதிருமாக மூன்று அமினோ அமிலங்கள். ஒன்று, இரண்டு சர்க்கரைகளுக்கு நடுவில் இருக்கும் ஆக்ஸிஜனுக்கு ஒரு புரோட்டானைக் கொடுக்கும். அதே நேரம் இன்னொன்று மறுபக்கத்திலிருந்து சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும். மூன்றாவது, வளைந்த வளையம் நழுவாமல் பார்த்துக்கொள்ளும். சங்கிலி அறுந்துவிடும். அறுந்த ஒரு துண்டு வெளியே போக, ஒட்டிக்கொண்டிருக்கும் மறு துண்டை ஒரு நீர் மூலக்கூறு வந்து விடுவிக்கும். கொடுத்த புரோட்டான் அந்த நீரிடமிருந்து திரும்பக் கிடைத்துவிடும். பள்ளம் பழையபடி காலி, அடுத்த சங்கிலிக்குத் தயார்.

"அதனாலதான் ஒரு சிட்டிகை போதும் அண்ணி. அது செலவாவறதே இல்ல. சங்கிலி துண்டு துண்டா ஆச்சு, சிக்கல் போச்சு, கஞ்சி இளகுச்சு. சத்து அதே சத்து."

நாத்தனார் எதையோ யோசித்துவிட்டு, "புள்ள முழுங்குமா?" என்று மட்டும் கேட்டார்.

"ஒரு கொதி வுட்டுட்டு ஆறவெச்சுக் குடுக்கலாம். இனிமே அது வெந்தாலும் பரவால்ல, வேல முடிஞ்சுபோச்சு. மொள கட்டின மாவுல கிருமி இருக்கும், அதுவும் சாவும்."

கனகா குடித்தாள். முதல் வாய்க்கு முகத்தைச் சுளித்தாள், பிறகு கிண்ணத்தை நோக்கிக் கை நீட்டினாள். கெட்டியாகக் காய்ச்சிய கிண்ணம் முழுவதும் அவள் வயிற்றுக்குள் போனது. நாத்தனார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். என் கணவர் வெளியே போய், உனக்காக இருப்பதிலேயே நல்ல பலாவைப் பிளந்து எடுத்துக்கொண்டு வந்தார். கையில் எண்ணெய் தடவிக்கொள்ளாமல் சுளையைப் பிடித்து, பால் ஒட்டி, ஊருக்குத் திரும்பும்வரை நீ விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தாய்.

அடுத்த வாரமே சிக்கல் வந்தது. கஞ்சி இளகவில்லை. மறுநாளும் இளகவில்லை. நான் செய்ததையேதான் செய்தேன், சூடும் சரியாகத்தான் இருந்தது. மருந்து மாதிரி ஏதோ கொஞ்ச நாள் கேட்டுவிட்டு நின்றுபோய்விட்டது என்று வீட்டில் பேச்சு வந்தது. பாறைக்கு ஓடினேன்.

நீ பதறவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டாய். அதே மாவா, அதே தண்ணீரா, எவ்வளவு நேரம் ஆறவைத்தாய், யார் காய்ச்சினார்கள், இடையில் வேறு என்ன சேர்த்தீர்கள். கடைசிக் கேள்விக்கு விடை என்னிடம் இல்லை. கீழே இறங்கி வந்து நாத்தனாரிடம் கேட்டேன். குழந்தைக்குச் சூடு ஆகாமல் இருக்கட்டும் என்று, நான் மாவு எடுக்கப் போகும்போது கஞ்சியில் மோர் விட்டிருந்தார். நன்றாகப் புளித்த மோர். திரும்ப ஏறி வந்து சொன்னதும் நீ போனிலேயே சிரித்தாய்.

"அதான பாத்தேன். அந்த மூணுல ஒண்ணு கையில புரோட்டான் இருக்கணும், இன்னொண்ணு கை காலியா இருக்கணும். அப்பதான் ஒண்ணு குடுக்கும், ஒண்ணு புடிக்கும். புளிப்பு மோர்ல புரோட்டான் ஏராளம், காலியா இருக்க வேண்டிய கையிலயும் திணிச்சுடுது. அப்புறம் அது எதைப் புடிக்கும்?"

அதைச் சொல்லிவிட்டு, நாத்தனாரைப் பாறைக்கு அழைத்துவரச் சொன்னாய். தன்னால்தான் பிள்ளை இரண்டு நாள் பட்டினி கிடந்தாள் என்று அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். உனக்கு நான் அதைச் சொல்லவில்லை. நீயாக ஊகித்துவிட்டாய். ஸ்பீக்கரில் போடச் சொன்னாய்.

"அண்ணி, மோர் தப்பே இல்லீங்க. நேரம்தான் தப்பு. இளகி, கொதிச்சு, ஆறினப்புறம் கடைசியில ஊத்துங்க. குழந்தைக்கு நல்லதுதான்."

"நெசமாவா சொல்ற?"

"நெசமாத்தான் சொல்றேன். போய்ட்டு சாப்புடுங்க."

அவர் சாப்பிட்டார். அன்றைக்கு நீ என்னிடம் தனியாகச் சொன்ன வாக்கியம் ஒன்று உண்டு: "எப்படின்னு தெரிஞ்சா செய்யலாம், ஏன்னு தெரிஞ்சாத்தான் கெட்டுப்போனா திருத்தலாம்." தராசு முள் மெல்ல முன்னால் நகர்ந்தது. மழை தொடங்கும்போது கனகா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மற்ற வீடுகளிலிருந்து பெண்கள் கிண்ணத்தோடு வந்து கேட்கத் தொடங்கினார்கள். இந்த மில் அப்படித்தான் ஆரம்பித்தது.

பல வருஷம் கழித்து உனக்கு ரத்தப் புற்று என்று உன் தம்பி சொன்னபோது நான் நம்பவில்லை. வேலூர் மருத்துவமனையில் உன்னைப் பார்க்க வந்தேன். தலையில் முடி இல்லை. கண்கள் பெரிதாகத் தெரிந்தன. நீ கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்தைக் காட்டினாய்.

"இது இன்னான்னு தெரியுமாடி? என்சைம்."

உண்மையாகவே அது நொதிதான். பாக்டீரியாவிலிருந்து எடுத்தது. உன் ரத்தத்திலிருந்த அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தை அது உடைத்துவிடும். நல்ல செல்கள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே செய்துகொள்ளும், அந்தப் புற்றுச் செல்களுக்கு அது முடியாது, பட்டினி கிடந்து சாகும். இதன் பள்ளத்தில் வெட்டுவது த்ரியோனின் என்று சொன்னாய். "என் அமைலேஸ்க்குப் பெரியப்பா பொண்ணு மாதிரி. வேற வூடு, வேற ஆயுதம், அதே தொழில்." பக்கத்துப் படுக்கை அம்மா நீ பாடம் நடத்துவதைப் பார்த்துச் சிரித்தார்.

அடுத்த முறை நான் வந்தபோது அந்த மருந்தை நிறுத்தியிருந்தார்கள். ஏற்றும்போது உடம்பெல்லாம் தடித்து, மூச்சுத் திணறியிருக்கிறது. உன் உடம்பு அதை அந்நியம் என்று முடிவு செய்து எதிர்த்துவிட்டது. "அது செய்யற வேலை என் உடம்புக்குத் தெரியல. மொகத்தை மட்டும் பாத்துத் தொரத்திடுச்சு" என்றாய். வேறு மருந்துகள் கொடுத்தார்கள். கொஞ்ச காலம் தாங்கியது.

"பயமா கீதா?" என்று கேட்டேன்.

"கீது. ஆனா உள்ள இன்னா நடக்குதுன்னு தெரியுது. தெரியாம கெடக்கறவங்கள நெனச்சா, நான் பரவால்ல."

என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாய். அதற்குப் பிறகு உன்னை உயிரோடு பார்க்கவில்லை. ஜமுனாமரத்தூர் சந்தையில் மாவுப் பொட்டலங்களை இறக்கிக்கொண்டிருந்தபோது உன் தம்பியின் போன் வந்தது. பஸ் பிடித்து இறங்கி வந்தேன். உன் ஊர்ப் பெண்கள் என்னைப் பார்த்து, மலையிலிருந்து வந்த சிநேகிதி என்று வழி விட்டார்கள். வெகுநாள் வரை மில்லில் ஏதாவது தவறினால் கை தானாகப் போனுக்குப் போகும். உன் எண்ணை இன்னும் அழிக்கவில்லை.

இனி நான் சொல்ல வந்த சேதி. கனகா ஜமுனாமரத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், என்னைவிட உயரம். அதைவிட இது முக்கியம். போன மாதம் மேல் ஊரிலிருந்து செல்வி என்ற பெண் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். கையில் எங்கள் முளைமாவுப் பொட்டலம்.

"அக்கா, உங்க மாவு வேல செய்யல" என்றாள். கண் கலங்கியிருந்தது. அந்தக் குழந்தையின் கையைப் பார்த்தேன். கனகாவின் கை அப்படித்தான் இருந்தது.

மில்லில் இருந்த பெண்கள் மாவு பழசாகியிருக்கும், மாற்றிக் கொடுத்துவிடலாம் என்றார்கள். மாற்றிக் கொடுத்தால் அவள் போய்விடுவாள், அதுவும் வேலை செய்யாது. அது எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அவளை உட்காரவைத்துக் கேட்டேன். அடுப்பிலிருந்து இறக்கினாயா? இறக்கினேன். விரல் வைத்துப் பார்த்தாயா? பார்த்தேன். மோர், புளி, எலுமிச்சை? எதுவும் இல்லை. எல்லாம் சரியாக இருந்தது. எனக்குத் தெரிந்த கேள்விகள் அதோடு முடிந்தன. கேட்பதற்கு நீயும் இல்லை. கஞ்சியில் தவறு இல்லையென்றால் மாவில்தான் இருக்க வேண்டும்; எங்களிடமிருந்து போகும்போது அது நன்றாக இருந்தது என்றால், நடுவில் ஏதோ அதன் மடிப்பைக் குலைத்திருக்கிறது என்று எனக்குள் சொல்லிப் பார்த்தேன்.

"பொட்டலத்தைப் பிரிச்சதும் மாவை இன்னா பண்ண?"

"ஒண்ணும் பண்ணலக்கா. மழ நேரம், வண்டு வுழும்னு வாணல்ல போட்டு நல்லா செவக்க வறுத்து டப்பாவுல போட்டு வெச்சேன்."

எழுந்து போய்ப் புது மாவு எடுத்து வந்தேன். மில்லின் அடுப்பிலேயே இரண்டு கிண்ணம் கஞ்சி காய்ச்சி, ஒன்றில் அவள் வறுத்த மாவும் ஒன்றில் புது மாவும் போட்டு, இரண்டையும் அவளையே கிளறச் சொன்னேன். ஒரு கிண்ணம் கல்லாக நின்றது. மற்றது அவள் கரண்டியிலிருந்து வழிந்தது. செல்வி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "வறுத்தா இன்னாக்கா ஆவும் அதுக்கு?" என்று கேட்டாள்.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பள்ளத்தையும் அதில் எதிரெதிராக இருக்கும் மூன்றையும், அவை இடம் மாறினால் என்ன ஆகும் என்பதையும் எனக்குத் தெரிந்த சொற்களில் சொன்னேன். எங்கேயும் தடுக்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே கஞ்சி கொதித்து ஆறியது. அவள் குழந்தை கிண்ணத்தைக் காலி செய்தது.

நீ இல்லாமல் நான் தனியாக விடை தேடியது இதுதான் முதல் தடவை. விடை சரியாகவே வந்தது.